டீப் ஹவுஸ் மிக்ஸ் ஆல்பத்தை எப்படிக் கேட்பது

"ஒரு மணி நேரமா ஒரே டொம் டொம்தானே, இதுல அப்படி என்ன இருக்கு?" டீப் ஹவுஸ் மிக்ஸ் ஆல்பம் ஒன்றை யாருக்காவது போட்டுக் காட்டினால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். டீப் ஹவுஸ் என்பது ஹவுஸ் என்ற கிளப் ஆட்ட இசையின் நிதானமான வகை; மிக்ஸ் ஆல்பம் என்பது பல ட்ராக்குகளை ஒரு டிஜே தேர்ந்தெடுத்து, இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று கலந்து கோத்த ஒரே ஓட்டம். நியாயமான கேள்வியும்கூட. பாட்டு கேட்டுப் பழகிய காதோடு உட்கார்ந்தால் பல்லவி எங்கே, சரணம் எங்கே, பாடுகிறவர் எப்போது வருவார் என்று மனசு தேடிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடத்தில் அலுத்துப்போய் நிறுத்திவிடுவோம். இந்த ஆல்பங்களில் ரசிக்க வேண்டிய இடம் வேறு. ஒரு ட்ராக் முடிந்தும் முடியாமலும் இன்னொன்று உள்ளே வருகிறதே, அந்த ஒட்டு விழும் ஒன்றிரண்டு நிமிடம்தான் டிஜேயின் சொந்த வேலை. அதைப் பிடிக்கக் காது பழகிவிட்டால் மீதி எல்லாம் தானாகப் பிடிபடும். எப்படிப் பழக்குவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் செட்டிங்ஸ். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு இந்த இசை பிடிக்காமல் போவதற்குக் காரணமே இதுதான். ஷஃபிளை அணையுங்கள். ஆப்பில் கிராஸ்ஃபேட் இருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். டிஜே ஏற்கெனவே கலந்து வைத்ததன் மேல் ஆப் தன் பங்குக்கு இன்னொரு முறை கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ட்ராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாத கேப்லெஸ் என்று ஒரு வசதி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். மிக்ஸ் ஆல்பத்தில் ட்ராக் எண் மாறும் இடம் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் இசையின் நடுவே போட்ட வெறும் கோடு, அங்கே மௌனமே கிடையாது. எம்பி3 கோப்பில் தொடக்கத்திலும் முடிவிலும் இம்மியளவு வெற்று ஒலி சேர்ந்துவிடும். சாதாரணப் பாட்டில் அது தெரியாது, ஆனால் நிமிடத்துக்கு 122 தட்டு ஓடும் இசையில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே அரை விநாடிகூட இல்லை என்பதால் அந்த இம்மி இடைவெளியே கால் இடறியது போலக் கேட்கும். ஸ்ட்ரீமிங்கில் சில மிக்ஸ் ஆல்பங்களின் கடைசியில் முழு மிக்ஸும் ஒரே நீளமான ட்ராக்காகக் கிடைக்கும். கண்ணில் பட்டால் யோசிக்காமல் அதையே போடுங்கள்.

அப்புறம் போன் ஸ்பீக்கர் வேண்டாம். டீப் ஹவுஸில் பாஸ் இறங்கும் ஆழத்தை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது, அதில் கேட்டால் இசையின் அடித்தளத்தை எடுத்துவிட்டு மேற்பூச்சை மட்டும் கேட்கிறீர்கள். விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை, காதில் சரியாகப் பொருந்துகிற சாதாரண இயர்போன் போதும். சத்தத்தையும் அளவாகவே வையுங்கள். இது அலறவிட்டுக் கேட்கிற இசை இல்லை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? கதை சிகாகோவில் ஆரம்பிக்கிறது. 1980-களின் நடுவில் அங்கே ஹவுஸ் இசை கிளப்களில் சூடுபிடித்திருந்த நேரத்தில், அதுவரை இசைக்குழுக்களில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த லாரி ஹேர்ட் என்பவர் ஒரு சிந்தசைஸரும் டிரம் மெஷினும் வாங்கி வீட்டில் தனியாக ட்ராக் செய்ய ஆரம்பித்தார். மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் 1986-இல் அவர் வெளியிட்ட 'கேன் யூ ஃபீல் இட்' தான் டீப் ஹவுஸ் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் இன்றும் எடுத்துப் போடப்படும் ட்ராக். கிக், அதாவது பெரிய டிரம்மின் அந்த 'டொம்', ஒவ்வொரு தட்டிலும் விழுகிறது, அது எல்லா ஹவுஸுக்கும் பொது. வித்தியாசம் மேலே இருக்கிறது: ஜாஸில் புழங்கும் ஏழாம், ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டுகள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கொத்துகள், ரோலண்ட் ஜூனோ-60 சிந்தில் மெத்தென்று விரிந்து மெதுவாக அடங்குகின்றன. அந்தக் கார்டுகள் மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாமல் சோகம் என்றும் சொல்ல முடியாமல் நடுவில் நிற்கும். ஆட்டத்துக்கான தாளம் கீழே, ஆட்டத்தில் சேராமல் எதையோ யோசித்துக்கொண்டிருக்கும் மனசு மேலே. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் இந்த வகையின் ஈர்ப்பு என்பது என் எண்ணம். வேகமும் அதற்கேற்ப நிதானம், பெரும்பாலும் நிமிடத்துக்கு 118 முதல் 124 தட்டுக்குள்.

இன்னொரு விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இந்த ட்ராக்குகள் டிஜேக்கள் கையில் போவதற்காகவே செய்யப்படுகின்றன. அதனால் ஆரம்பத்தில் ஒரு நிமிடம், முடிவில் ஒரு நிமிடம் வெறும் தாளம் மட்டும் ஓடும். தனியாகக் கேட்டால் "எப்பதான் ஆரம்பிக்கும்" என்று தோன்றும். அந்த வெற்றிடம் இன்னொரு ட்ராக் வந்து உட்காருவதற்காக விட்டுவைத்த இடம். தனி ட்ராக் என்பது இங்கே பாதிப் பொருள்தான்.

முதல் முறை கேட்கும்போது கவனித்துக் கேட்காதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். எழுதுகிற வேலையோ நடைப்பயிற்சியோ வீட்டு வேலையோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து செய்யக்கூடிய ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு பின்னால் ஓடவிடுங்கள். நடுவில் நிறுத்தாமல், தாவாமல், என்ன ட்ராக் என்று திரையைப் பார்க்காமல். முடிந்ததும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில் தலையைத் தூக்கினேன்? ஒன்றோ இரண்டோ இடம் நினைவில் நிற்கும். நேரத்தைத் தோராயமாகக் குறித்து வையுங்கள். அந்த இடத்துக்குத்தான் இரண்டாம் முறை போகப்போகிறோம்.

இரண்டாம் முறை எண்ண வேண்டும். கிக் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எட்டு முறை நான்கு எண்ணினால் 32 தட்டு, 122 வேகத்தில் ஏறக்குறைய 16 விநாடி. இந்த இசையில் எது மாறினாலும் பெரும்பாலும் இந்த 32 முடிகிற இடத்தில்தான் மாறும்: ஹை-ஹேட் என்ற சின்னத் தாளத்தகட்டின் ஒலி சேரும், ஒரு குரல் நிற்கும், கைதட்டல் போன்ற கிளாப் காணாமல் போகும். ஒரு ஐந்து நிமிடம் எண்ணிப் பாருங்கள், அதற்கப்புறம் எண்ணவே தேவையிருக்காது, உடம்பே சொல்லிவிடும் இப்போது ஏதோ வரப்போகிறது என்று.

இப்போது ஒட்டு விழும் இடத்துக்கு வருவோம். நன்றாகச் செய்த ஒட்டு இப்படித்தான் நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ட்ராக்கில் பாடியவர் ஓய்ந்துவிட்டார், கிக்கும் பாஸும் ஒரு கார்டும் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அப்போது எங்கோ ஒரு ஓரத்தில், டப்பாவில் மணலைக் குலுக்கியது போல ஒரு ஷேக்கர் கேட்கிறது. இதுவரை அது இல்லை. அதுதான் புதிய ட்ராக்கின் தலை. டிஜே அதன் பாஸ் குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு மேல் ஒலிகளை மட்டும் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரில் மெல்ல உள்ளே விடுகிறார். 32 தட்டு கழிகிறது. ஒரு புதுக் கிளாப் பழைய கிளாப்பின் மேலேயே விழுகிறது, சத்தம் கூடாது, ஆனால் அதன் நிறம் மாறும். இன்னொரு 32. அப்புறம்தான் முக்கியமான இடம்: ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த ஒரே தட்டில் பழைய பாஸை இறக்கிப் புதிய பாஸை ஏற்றுகிறார். இரண்டு பாஸும் ஒன்றாக ஓடினால் எல்லாம் கலங்கிச் சேறாகிவிடும், அதனால் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்க முடியாது. கேட்கிறவருக்கு நிற்கிற தரை லேசாக நகர்ந்தது போல இருக்கும், ஏன் என்று சொல்லத் தெரியாது.

அங்கேயே நிறுத்திவிடாமல் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். பாஸ் மாறிவிட்டது, ஆனால் பழைய ட்ராக்கின் கார்டு இன்னும் போகவில்லை. புதிய பாஸின் மேல் பழைய கார்டு ஒரு அரை நிமிடம் மிதக்கிறது. கீழே இருக்கும் சுரம் மாறியதால் அதே கார்டு இப்போது வேறு அர்த்தத்தில் ஒலிக்கிறது, சற்று முன்பு ஏக்கமாக இருந்தது இப்போது ஆறுதலாக இருக்கிறது. இந்த அரை நிமிட இசை பழைய ரெக்கார்டிலும் இல்லை, புதிய ரெக்கார்டிலும் இல்லை. இரண்டையும் தனித்தனியாக வாங்கி வைத்திருப்பவருக்கும் இது கிடைக்காது. மிக்ஸ் ஆல்பம் என்று ஒன்று இருப்பதற்கே இதுதான் காரணம், இதற்காகத்தான் நான் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

இது எல்லா ஜோடிக்கும் அமையாது, சுருதி ஒத்துப்போக வேண்டும். வினைல் ரெக்கார்டில் சிக்கல் இன்னும் அதிகம்: டர்ன்டேபிளில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும், சுமார் 6 சதவீதம் கூட்டினால் முழுசாக ஒரு அரைச் சுரம் தள்ளிப்போய்விடும். கிளப்களில் காலங்காலமாக ஆண்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற டர்ன்டேபிளில் வேகத்தை இரண்டு பக்கமும் 8 சதவீதம் வரைதான் நகர்த்த முடியும். அதற்குள் தாளமும் பொருந்த வேண்டும், சுருதியும் இடிக்கக்கூடாது. இன்று மென்பொருள் சுருதியை அசைக்காமல் வேகத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கிறது, எந்த ட்ராக் எந்தச் சுருதி என்று திரையிலேயே காட்டிவிடுகிறது. வேலை சுலபமாகிவிட்டது என்று பழைய ஆட்கள் முணுமுணுப்பார்கள். தாளம் பொருந்துவதும் சுருதி பொருந்துவதும் அடிப்படைத் தேவை, அவ்வளவுதான். எந்த இரண்டு ட்ராக்கைப் பக்கத்தில் வைப்பது என்பதை இதுவரை எந்த மென்பொருளும் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாம் முறை கேட்டால், முழு நீளத்தையும் ஒரே ஓட்டமாகக் கவனியுங்கள். ஏன் இந்த ஆல்பங்கள் எல்லாம் 70-லிருந்து 80 நிமிடத்துக்குள் நிற்கின்றன தெரியுமா? சிடியில் அவ்வளவுதான் பிடிக்கும். கிளப்பில் ஐந்தாறு மணி நேரம் வாசிக்கிற டிஜே, அந்த இரவு முழுவதையும் இந்த அளவுக்குள் அடக்க வேண்டும். முதல் கால் மணி நேரத்தில் கிக்கே லேசாக இருக்கும், சில ஆல்பங்களில் கிக் வரவே நேரமாகும். 40, 50 நிமிடம் தாண்டும்போது உச்சம். கடைசி இரண்டு ட்ராக்கில் ஆளை வீட்டுக்கு அனுப்பும் வேலை நடக்கும். இது பொதுவான வடிவம், கெட்டிக்காரர்கள் இதை உடைப்பார்கள். உச்சமே இல்லாமல் ஒரே மட்டத்தில் ஓடி, முடிந்த பிறகுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று தெரிகிற ஆல்பங்களும் உண்டு. டீப் ஹவுஸில் எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கும்.

இணையத்தில் இலவசமாகக் கொட்டிக்கிடக்கும் மிக்ஸ்களுக்கும் வெளியிட்ட ஆல்பத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். உரிமைதான். ஆல்பத்தில் வருகிற ஒவ்வொரு ட்ராக்குக்கும் அதை வெளியிட்ட லேபிளிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒருவர் மறுத்தால் அந்த ட்ராக் போச்சு, அதன் முன்னும் பின்னும் இருந்த ஒட்டும் போச்சு, வரிசையையே மறுபடி யோசிக்க வேண்டும். இந்தத் தொல்லையால் ஒரு நன்மை: பத்து வருடம் கழித்தும் ஒருவர் கேட்கப்போகிறார் என்ற எண்ணத்தோடு டிஜே உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார். டிஜே ரிக்கார்டோ வில்லலோபோஸ் 2007-இல் லண்டன் ஃபேப்ரிக் கிளப்பின் தொடரில் 36-ஆவது சிடிக்கு முழுக்கத் தன்னுடைய சொந்தத் தயாரிப்புகளையே கலந்து கொடுத்தார். அது டீப் ஹவுஸ் இல்லை, இன்னும் வெறுமையான மினிமல் என்ற வகையின் பக்கம். ஆனால் மிக்ஸ் ஆல்பம் எங்கே முடிந்து சொந்த ஆல்பம் எங்கே ஆரம்பிக்கிறது என்ற கேள்வியை அதற்கப்புறம் யாராலும் சுலபமாகத் தாண்டிப்போக முடியவில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது? தொடர்களைப் பிடித்துக்கொள்வது வசதி. லண்டனில் 1999-இல் திறந்த ஃபேப்ரிக் கிளப், 2001 முதல் தன் பெயரிலேயே சிடித் தொடர் நடத்தி 2018-இல் நூறாவதைத் தொட்டது. தகர உறையில் வந்த அந்த சிடிகளைச் சேர்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அதில் 2011-இல் வந்த 56-ஆவது சிகாகோவின் டெரிக் கார்ட்டருடையது, டீப் ஹவுஸைவிடக் கொஞ்சம் துள்ளல் அதிகம், முதலில் கேட்பவருக்கு நல்லது. பெர்லினின் ஸ்டுடியோ கே7 லேபிள் 1995-இலிருந்து நடத்தும் டிஜே-கிக்ஸ் தொடரில் கிளப் கட்டாயம் இல்லை, வீட்டில் கேட்பதற்கென்றே செய்கிறார்கள். அதில் ஹென்ரிக் ஷ்வார்ஸ் 2006-இல் செய்தது ஜாஸையும் சோல் இசையையும் ஹவுஸோடு சேர்த்துத் தைக்கிறது. மாயா ஜேன் கோல்ஸ் 2012-இல் செய்தது இருட்டும் மென்மையுமாக இருக்கும். டெட்ராய்டின் மூடிமேன் 2016-இல் செய்தது நிதானமான சோல், ஹிப்-ஹாப் என்று ஆரம்பித்து ஹவுஸுக்கு வர வெகு நேரம் எடுத்துக்கொள்கிறது. மூடிமேன் ஒட்டுகளை மழுமழுவென்று செய்ய மாட்டார், சில இடத்தில் சட்டென்று வெட்டிவிடுவார். மேலே நான் விவரித்த நேர்த்தியை அவரிடம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், அவருடைய பலம் தேர்வில் இருக்கிறது.

காது கொஞ்சம் பழகிய பிறகு டிஜே ஸ்பிரிங்கிள்ஸ் பக்கம் போங்கள். ஜப்பானில் வாழும் அமெரிக்கரான டெரே தேம்லிட்ஸின் டிஜே பெயர் இது. 2013-இல் மியூல் மியூசிக் வெளியிட்ட அவருடைய மிக்ஸ் சிடியின் தலைப்பு 'வேர் டான்ஸ்ஃப்ளோர்ஸ் ஸ்டாண்ட் ஸ்டில்', ஆட்டத் தளங்கள் அசையாமல் நிற்கும் இடம். 1948-இலிருந்து இருந்த ஒரு சட்டத்தைக் காட்டி, நள்ளிரவுக்கு மேல் ஆடவிடும் கிளப்களை ஜப்பான் போலீஸ் அந்தச் சமயத்தில் விரட்டிக்கொண்டிருந்தது, தலைப்பு குத்துவது அதைத்தான். 2016-இல்தான் சட்டம் தளர்ந்தது. இது தெரிந்துகொண்டு கேட்டால், ஆடுவதற்கு அழைப்பு விடுத்தும் யாரும் எழுந்திருக்க முடியாத அறையில் ஓடுவது போன்ற அந்த மிக்ஸின் அடக்கம் வேறு மாதிரி கேட்கும்.

ஐரோப்பா, அமெரிக்காவோடு நின்றுவிடவும் வேண்டாம். டீப் ஹவுஸை வெகுஜன இசையாகவே எடுத்துக்கொண்ட நாடு தென்னாப்பிரிக்கா. 1990-களில் அங்கே ஹவுஸின் வேகத்தைக் குறைத்துத்தான் குவைட்டோ என்ற இசை வகை பிறந்தது, அதனால் நிதானமான ஹவுஸ் அங்கே யாருக்கும் புதிதில்லை. மினிபஸ் டாக்சிகளில் எல்லாம் ஓடும். சோல் கேண்டி, ஹவுஸ் ஆப்பிரிக்கா ஆகிய லேபிள்களின் மிக்ஸ் தொகுப்புகளைத் தேடிப் பாருங்கள், டிரம்ஸ் தனி ருசி.

ஒரு எச்சரிக்கை. 2013 வாக்கில் டீப் ஹவுஸ் என்ற சீட்டை எதன்மேல் வேண்டுமானாலும் ஒட்ட ஆரம்பித்தார்கள். ரப்பர் போலத் துள்ளும் பாஸ், மேலே வேகம் மாற்றிய பாப் குரல், அவ்வளவுதான், அதுவும் டீப் ஹவுஸ் என்ற பெயரில் விற்றது. கடற்கரைப் படத்தோடு மூன்று மணி நேரம் ஓடும் வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த ரகம். சோதிக்க சுலபமான வழி இருக்கிறது: மூன்று ஒட்டு கேளுங்கள். மூன்றும் ஒரே நீளம், ஒரே முறை, இரண்டு ட்ராக்கும் சேர்ந்து ஒலிக்கும்போது புதிதாக எதுவும் பிறக்கவில்லை என்றால் அது பிளேலிஸ்ட், மிக்ஸ் இல்லை. எழுதிக்கொண்டே பின்னால் ஓடவிட அது போதும்தான், அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் நான் மேலே சொன்ன வேலையை அதில் தேடினால் ஏமாறுவீர்கள். எல்லாமே ஒரே உரப்பில், மூச்சுவிட இடமில்லாமல் இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

பழைய மிக்ஸ் சிடிகள் பலவும் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்காது, கிடைத்தாலும் சில ட்ராக் விடுபட்டு, ஒட்டுகள் அறுந்து இருக்கலாம். சிடிக்காக வாங்கிய உரிமை ஸ்ட்ரீமிங்குக்குச் செல்லாது என்பதுதான் சிக்கல். டிஸ்காக்ஸ் தளத்தில் பழைய சிடிகளை விற்பவர்கள் இருக்கிறார்கள், ட்ராக் பட்டியலும் அங்கேயே முழுசாக இருக்கும். ஓடும் பாட்டின் பெயரைச் சொல்லும் ஷாஸாம் ஆப்பை நம்பி உட்காராதீர்கள், இரண்டு ட்ராக் ஒன்றன்மேல் ஒன்று ஓடும் இடத்தில் அது குழம்பும், வேகம் மாற்றிய ட்ராக்கிலும் திணறும்.

பட்டியல் கையில் வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். முதல் முறை தலையைத் தூக்க வைத்த அந்த இடத்தில் எந்த இரண்டு ட்ராக் ஓடியது என்று பார்த்து, இரண்டின் மூலத்தையும் தனித்தனியாக முழுசாகக் கேளுங்கள். பல சமயம் இரண்டுமே சுமாராக இருக்கும். சில சமயம் மூலத்தில் மூன்று நிமிடம் ஓடுகிற ஒரு குரல் மிக்ஸில் வரவே இல்லை என்பது தெரியும், டிஜே அதை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார். அதன்பின் மிக்ஸுக்குத் திரும்பி, அந்தக் குரல் வர வேண்டிய இடத்தில் அவர் என்ன வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.